எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் எப்போது கிடைக்கும், எங்கே மடக்குவார்கள்?

எடை குறைப்புக்கான பேரியாட்ரிக் சர்ஜரி செய்துகொள்வது நல்லது என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, இன்சூரன்ஸில் வருமா என்பதுதான். "அதெல்லாம் அழகுக்குச் செய்வது, வராது சார்" என்பார் பாலிசி விற்ற ஏஜென்ட். "கட்டாயம் வரும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுன்ட்டரில். இரண்டு பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். இந்த விஷயத்தில் எது வரும், எது வராது என்பதற்கு இந்தியா முழுக்கப் பொதுவான ஒரே வாசகம் இருக்கிறது. உங்கள் பாலிசி புத்தகத்தில் 'விலக்குகள்' பகுதியைத் திறந்து, உடல் பருமன், எடைக் கட்டுப்பாடு என்ற தலைப்பில் 06 என்ற குறியீட்டு எண் போட்டிருக்கும் பத்தியைத் தேடுங்கள். எல்லாச் சண்டையும் அந்தப் பத்திக்குள்தான் நடக்கிறது.

இது எப்படி வந்தது? முன்பெல்லாம் பெரும்பாலான பாலிசிகளில் உடல் பருமன் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு விலக்குகளை எழுதிக்கொண்டிருந்த நிலையில், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019 செப்டம்பரில் அவற்றுக்கெல்லாம் பொதுவான வாசகம் வகுத்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் புதிய பாலிசிகளுக்கும், 2020 அக்டோபர் 1 முதல் ஏற்கெனவே விற்பனையில் இருந்த பாலிசிகளுக்கும் அது பொருந்தியது. அதே வாசகம்தான் இன்றும் பாலிசிகளில் இருக்கிறது. எல்லாக் கம்பெனிகளும் விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியிலும் இதுவே.

அந்த வாசகம் சொல்வது இதுதான்: உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை, டாக்டரின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நெறிமுறைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். நோயாளிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்ணான பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே கடுமையான துணை நோய்களில் ஒன்றாவது இருந்து, எடை குறைக்கும் எளிய வழிகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும். துணை நோய்கள் என்று நான்கே நான்கைத்தான் சொல்லியிருக்கிறார்கள். உடல் பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தீவிரமான ஸ்லீப் ஆப்னியா எனப்படும் தூக்க மூச்சுத்தடை, கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை நோய். இந்த நிபந்தனைகள் 'எல்லாவற்றையும்' நிறைவேற்றாத சிகிச்சைக்கான செலவு கிடைக்காது. ஒன்று குறைந்தாலும் கைவிரித்துவிடுவார்கள்.

சரி, முதலில் பிஎம்ஐ கணக்கு. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து அதை அதாலேயே பெருக்கி வகுக்க வேண்டும். 160 செ.மீ. உயரம் உள்ளவருக்கு 1.6 பெருக்கல் 1.6, அதாவது 2.56. அவருக்கு பிஎம்ஐ 40 வர 102.4 கிலோ இருக்க வேண்டும்; 35 வர 89.6 கிலோ. இதில் உயரத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அதே 102.4 கிலோக்காரரைச் செருப்போடு நிற்கவைத்து 162 செ.மீ. என்று எழுதிவிட்டால் பிஎம்ஐ 39-க்கு இறங்கிவிடும். இரண்டு சென்டிமீட்டரில் கிளெய்ம் போச்சு. காலணி இல்லாமல் அளந்த உயரமும், எடையும், தேதியும் முதல் ஓ.பி. சீட்டிலேயே டாக்டர் கையெழுத்தோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓ.பி. சீட்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆபரேஷனுக்கு ஓரிரு வாரம் முன்பு மிகக் குறைந்த கலோரி உணவு கொடுப்பது பல ஆஸ்பத்திரிகளில் வழக்கம். கல்லீரல் சுருங்கி, சிறு துளைகள் வழியே ஆபரேஷன் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்கு இடம் கிடைக்கும் என்பதற்காக. அதில் நான்கைந்து கிலோ இறங்கிவிடும். அட்மிஷன் அன்று எடுத்த எடையை மட்டும் படிவத்தில் எழுதினால், 35.5-ல் இருந்தவர் 34-ல் வந்து நிற்பார். எந்த நாளின் பிஎம்ஐயைப் பார்க்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. டாக்டர் சிகிச்சையை முடிவு செய்த நாளின் எடைதான் நியாயமானது. அதைக் கடிதத்தில் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

இந்த 40, 35 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1991-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் கூட்டம் வகுத்த வரம்பும் இதே இரண்டு எண்கள்தான். லேப்ராஸ்கோப்பி பரவலாக வருவதற்கு முந்தைய, வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டிருந்த காலம் அது. அதன் பிறகு மருத்துவம் எங்கோ போய்விட்டது. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுகின்றன என்பதால், 2009-ல் இந்திய மருத்துவர்கள் வெளியிட்ட ஒருமித்த பரிந்துரையே துணை நோய் இல்லாதவர்களுக்கு 37.5, இருப்பவர்களுக்கு 32.5 என்று இறக்கிவிட்டது. 2022-ல் அமெரிக்க, சர்வதேச பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைச் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து பழைய வரம்பையே மாற்றின. துணை நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 35-க்கு மேல் பரிந்துரைக்கலாம், ஆசிய மக்களுக்கு 27.5-லிருந்தே வாய்ப்புத் தரலாம் என்றன. 160 செ.மீ. உயரக்காரருக்கு அந்த 27.5 என்பது 70 கிலோ சொச்சம். இன்சூரன்ஸ் விதி கேட்பதோ குறைந்தது 89.6.

டாக்டர் ஆபரேஷன் தேவை என்கிறார், கம்பெனி கிடையாது என்கிறது என்று மக்கள் குழம்புவதற்கு இந்த இடைவெளிதான் காரணம். டாக்டர் சொல்வது பொய்யும் இல்லை, கம்பெனி விதியை மீறவும் இல்லை. விதியே பழையது. 2019-ல் எழுதும்போதே ஆசிய வரம்பு கைவசம் இருந்தும் அதை எடுத்துக்கொள்ளாதது சரியல்ல என்பது என் கருத்து. ஆனால் பிஎம்ஐ 34 உள்ளவர் இந்த வாதத்தை வைத்துக்கொண்டு கம்பெனியோடு மல்லுக்கட்டினால் பலன் இருக்காது. பாலிசியில் எண் தெளிவாக எழுதியிருக்கிறது. அவர் பார்க்க வேண்டியது வேறு இடம். அலுவலகம் எடுத்துத் தரும் குரூப் பாலிசியாக இருந்தால், கம்பெனியோடு பேசிச் சில விலக்குகளைத் தளர்த்தி வாங்கியிருக்கலாம். எச்.ஆர்.-இடம் பாலிசி நகலையே கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

40-க்கு மேல் உள்ளவர்களுக்கு வழி கொஞ்சம் சுலபம். 35-க்கும் 40-க்கும் நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். உயர் ரத்த அழுத்தம், தேய்ந்துபோன மூட்டு, கொழுப்புக் கல்லீரல், பெண்களுக்கு வரும் சினைப்பைப் பிரச்சினையான பிசிஓஎஸ் இவையெல்லாம் எடையோடு நேரடித் தொடர்புள்ளவை, ஆபரேஷனுக்குப் பின் பலருக்குக் குறைபவை. ஆனால் அந்த நான்கின் பட்டியலில் இவை இல்லை. நடக்கவே முடியாத மூட்டுவலி இருந்தாலும் கணக்கில் வராது.

பட்டியலில் இருக்கும் நோய்க்கும் பெயர் மட்டும் போதாது. 92 கிலோ எடை, 160 செ.மீ. உயரம் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பிஎம்ஐ 35.9. இரவில் சத்தமாகக் குறட்டை, பகலில் தூக்கம். தூக்கப் பரிசோதனை செய்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று எண்ணி ஏஎச்ஐ என்ற எண்ணாகத் தருவார்கள். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-ம் அதற்கு மேலும் தீவிரம். அவருக்கு 28 வருகிறது. ரிப்போர்ட்டின் அடியில் 'நடுத்தரம்' என்று இருக்கும். விதியில் 'தீவிரமான' என்ற சொல் இருப்பதால் இந்த வழி அடைபடுகிறது. அதே பெண்ணுக்கு மூன்று மாத்திரை சாப்பிட்டும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் சர்க்கரை வழி திறக்கிறது. 'கட்டுக்குள் வராத' என்றால் எவ்வளவு என்று விதியில் எண் கிடையாது. அதனால் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையைக் காட்டுவதைவிட, ஆறு மாதம், ஒரு வருட இடைவெளியில் எடுத்த பழைய ரிப்போர்ட்டுகளையும், ஒவ்வொரு முறையும் மருந்தைக் கூட்டிய சீட்டுகளையும் வரிசையாகக் காட்டினால் மறுப்பது கஷ்டம். சர்க்கரை டாக்டரின் கடிதம் தனியாக இருந்தால் இன்னும் நல்லது.

தூக்கப் பரிசோதனைக்காக மட்டும் ஓர் இரவு அட்மிட் ஆகி அதற்குக் கிளெய்ம் கேட்காதீர்கள். பரிசோதனைக்கென்றே சேரும் அட்மிஷனுக்கு வேறொரு விலக்கு தனியாக இருக்கிறது. ஆபரேஷன் கிளெய்ம் ஏற்கப்பட்டால், பாலிசி சொல்லும் நாள் கணக்குக்குள் செய்த பரிசோதனையை 'அட்மிஷனுக்கு முந்தைய செலவு' என்ற கணக்கில் கேட்கலாம்.

அடுத்தது, 'எளிய வழிகள் பலிக்காமல் போன பிறகு' என்ற வரி. எத்தனை மாதம் டயட், யார் மேற்பார்வை என்று எதுவும் எழுதவில்லை. எழுதாததால் கம்பெனி கேட்பதுதான் அளவு என்று ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் மூன்று முதல் ஆறு மாதம் மேற்பார்வையில் டயட் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்டு இழுத்தடிப்பதை அங்குள்ள பேரியாட்ரிக் சங்கம் பல வருடங்களாக எதிர்க்கிறது. அப்படிக் காத்திருந்ததால் ஆபரேஷன் நன்றாகப் பலித்ததற்கு ஆதாரம் இல்லை என்பது அவர்கள் வாதம். நம் ஊரில் நடப்பது வேறு. டயட்டீஷியனைப் பார்த்த ஆதாரம் எங்கே, ஜிம் ரசீது எங்கே என்று கடைசி நேரத்தில் கேள்விக் கடிதம் வரும். இப்போது எடை குறைக்கும் ஊசிகளும் வந்துவிட்டதால், அதைப் போட்டுப் பார்த்தீர்களா என்ற கேள்வியும் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஆபரேஷன் எண்ணம் வந்த நாளிலிருந்தே ஒவ்வொரு டயட்டீஷியன் சீட்டையும் எடுத்து வையுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். விதியின் வாசகப்படி, எளிய வழிகள் பலிக்கவில்லை என்ற நிபந்தனை 35 பிஎம்ஐ, துணை நோய் என்ற பிரிவோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 40-க்கு மேல் உள்ளவருக்கு அது கிடையாது. அப்படிப்பட்டவரிடம் டயட் ஆதாரம் கேட்டு மறுத்தால், 06-ஆம் விலக்கின் எந்த வரியின்படி கேட்கிறீர்கள் என்று எழுத்தில் திருப்பிக் கேட்கலாம்.

விதியெல்லாம் பொருந்தினாலும் காத்திருப்புக் காலம் என்று ஒன்று இருக்கிறது. பாலிசி எடுக்கும்போதே இருந்த நோய்க்கு, 2024 ஏப்ரல் முதல், அதிகபட்சம் 36 மாதம்தான் காத்திருக்க வைக்கலாம், முன்பு 48. பேரியாட்ரிக் சர்ஜரிக்கென்று தனியாகக் காத்திருப்போ, தொகை உச்சவரம்போ வைத்திருக்கும் பாலிசிகளும் உண்டு. பாலிசி விண்ணப்பத்தில் எடையைக் குறைத்து எழுதுவது பெரிய தப்பு. பிறகு உண்மையை மறைத்ததாகச் சொல்லி மொத்த பாலிசியிலேயே கை வைப்பார்கள். ஐந்து வருடம், அதாவது 60 மாதம், விடாமல் பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்ததாகக் காரணம் காட்டி மறுக்க முடியாது. அதற்காக அந்த 60 மாதம் 06-ஆம் விலக்கைத் தாண்ட உதவும் என்று நினைத்துவிட வேண்டாம். பாலிசியில் எழுதிய நிரந்தர விலக்குகள் அப்படியேதான் இருக்கும்.

இது திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷன் என்பதால் அவசரப்படாமல் முன் அனுமதி வாங்கலாம். ஆஸ்பத்திரிக்குக் கம்பெனியே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் முறைக்கான கோரிக்கை வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024 மே மாத ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை. நடைமுறையில் முதலில் வருவது கேள்விக் கடிதமாக இருக்கலாம். கவுன்ட்டரில் அனுப்பும் படிவத்தில் 'ஒபிசிட்டி' என்று ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடுகிறார்களா என்று எட்டிப் பாருங்கள். உயரம், எடை, பிஎம்ஐ, துணை நோய், அதன் எண், முன்பு செய்த முயற்சிகள், செய்யப்போவது இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவா, உணவு போகும் வழியை மாற்றும் பைபாஸா, அத்தனையும் அதில் வர வேண்டும். கேஷ்லெஸ் மறுத்தாலும் கதை முடியவில்லை. பணம் கட்டி ஆபரேஷன் செய்து, பிறகு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். ஆனால் மறுத்த காரணம் பிஎம்ஐ எண்ணாக இருந்தால் அந்தச் சூதாட்டத்தில் இறங்க வேண்டாம்.

கிளெய்மை மறுப்பதென்றால் அதற்கென உள்ள கிளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலோடு, பாலிசியின் எந்த விதிப்படி என்று குறிப்பிட்டு எழுத்தில் தர வேண்டும். போனில் சொன்னதை ஏற்காதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. ஆம்புட்ஸ்மேன் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். 30 நாளில் நிறைவேற்றாவிட்டால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும். தீர்ப்பு உங்களுக்குப் பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை.

ஆபரேஷனுக்கு அப்புறம் வரும் செலவையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய வைட்டமின் மாத்திரைகளும் வருடாந்தர ரத்தப் பரிசோதனைகளும், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய நாள் கணக்கு முடிந்ததும் கைக்காசுதான். நாற்பது ஐம்பது கிலோ குறைந்தவர்களுக்கு வயிற்றுத் தோல் தொங்கிப்போகும். அதை எடுக்கும் ஆபரேஷன் 08-ஆம் விலக்கான அழகு சிகிச்சையில் போய் நிற்கும். மடிப்புக்குள் புண்ணும் தொற்றும் ஏற்பட்டு, உடலுக்கு நேரடி ஆபத்து என்று டாக்டர் சான்று தந்தால் மட்டும் அதற்கு ஒரு வழி இருக்கிறது.