ஹைப்பாக்சியா: மூச்சுத்திணறல் என்று எழுதலாமா?

விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 82 என்று காட்டுகிறது. 95-க்கு மேல் இருக்க வேண்டிய எண் அது. விரலுக்குரியவரோ தலையணையில் சாய்ந்தபடி போனில் பேசிக்கொண்டிருக்கிறார். மூச்சு வாங்கவில்லை, முகத்தில் பதற்றமும் இல்லை. கொரோனாக் காலத்தில் மருத்துவர்களைத் திகைக்க வைத்த காட்சி இது. அவருக்கு இருப்பது ஹைப்பாக்சியா. இந்தச் சொல்லைத் தமிழில் பலர் ‘மூச்சுத்திணறல்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த மனிதருக்கு எது இல்லையோ, அதையே நோயின் பெயராக்குகிறார்கள்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘ஹைப்போ’ என்றால் கிரேக்கத்தில் கீழே, குறைவாக என்று பொருள். நடுவில் உள்ள ‘ஆக்சி’ ஆக்சிஜனின் தலைப்பாதி. ‘இயா’ ஒரு நிலையைக் குறிக்கும் விகுதி. அனீமியாவில் வருவதும் அதுதான். ஆக, ஆக்சிஜன் குறைந்த நிலை. அவ்வளவுதான். மூச்சைப் பற்றி இந்தச் சொல்லில் ஒரு எழுத்துகூட இல்லை.

ஆக்சிஜன் என்ற பெயரே ஒரு பிழையில் பிறந்தது என்பது வேறு கதை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே, எல்லா அமிலங்களிலும் இந்த வாயு இருக்கிறது என்று நம்பி, ‘புளிப்பை உண்டாக்குவது’ என்ற பொருளில் இந்தப் பெயரை வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது துளியும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. ஜெர்மானியர்கள் அந்தப் பிழையையும் சேர்த்தே மொழிபெயர்த்து, இன்றுவரை ‘புளிப்புப் பொருள்’ என்கிறார்கள். தமிழ் தப்பித்தது. பிராணவாயு என்றாலும் உயிர்வளி என்றாலும், அந்த வாயு செய்யும் வேலையை வைத்துத்தான் பெயர். ‘வளி’ நேற்று உருவாக்கிய சொல்லும் அல்ல. ‘வளிவழங்கும் மல்லன்மா ஞாலம்’ என்று குறளில் இருக்கிறது. வளிமண்டலம், சூறாவளி என்று நாமும் அன்றாடம் சொல்கிறோம். இலங்கைப் பாடநூல்கள் ஒட்சிசன் என்று எழுதுகின்றன.

சரி, மூச்சுத்திணறல் ஏன் பொருந்தாது? திணறல் என்பது ஓர் உணர்வு. மூச்சை அடக்கிப் பாருங்கள். சிறிது நேரத்தில் நெஞ்சு முட்டும். அப்படி முட்ட வைப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, உடலில் சேரும் கரியமில வாயு. கரியமில வாயு தடையின்றி வெளியேறிக்கொண்டே இருந்தால், ஆக்சிஜன் எவ்வளவு இறங்கினாலும் திணறல் பெரிதாகத் தெரியாமலே போகலாம்.

1875 ஏப்ரல் 15 அன்று பாரிசிலிருந்து ஜெனித் என்ற பலூனில் மூன்று பேர் கிளம்பினார்கள். 8,000 மீட்டர் உயரம். தலைக்கு மேலே ஆக்சிஜன் பைகள் தொங்கிக்கொண்டிருந்தன. குழாயை எடுக்க வேண்டும் என்று மூவரில் ஒருவரான திஸாந்தியே நினைத்தார், கை எழவில்லை. ‘8,000 மீட்டர்’ என்று கத்தப் பார்த்தார், நாக்கு அசையவில்லை. மயங்கினார். விழித்தபோது கூட வந்த இருவரும் இறந்து கிடந்தார்கள். வேதனை இருக்கவில்லை, உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சிதான் இருந்தது என்று பிறகு எழுதினார். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் ஓய்வாக இருக்கையில் செலவிடும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால் முதலில் தடுமாறுவது புத்திதான். ஆபத்தை உணர வேண்டிய உறுப்பே மழுங்கிவிட்டால் யார் எச்சரிப்பது? கேபினில் காற்றழுத்தம் போனால் உங்கள் முகமூடியை முதலில் மாட்டுங்கள் என்று விமானத்தில் சொல்வது இதனால்தான்.

அடுத்து, ‘ஆக்சிஜன் பற்றாக்குறை’. கேட்டவுடன் நினைவுக்கு வருவது சிலிண்டர் கிடைக்காத மருத்துவமனை. பற்றாக்குறை என்பது வரத்தைப் பற்றிய சொல். வரத்து சரியாக இருந்தும் உடலில் குறை ஏற்படலாம். ஜோசப் பார்கிராஃப்ட் என்ற உடலியலாளர் 1920-லேயே இதை மூன்றாகப் பிரித்தார்: நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குப் போதிய ஆக்சிஜன் சேராதது, இரத்தத்தால் சுமக்க முடியாதது, இரத்தம் ஓடாமல் தேங்குவது. நான்காவதாக ஒன்று பின்னர் சேர்ந்தது: ஆக்சிஜன் வாசல்வரை வந்தும் செல்லால் பயன்படுத்த முடியாத நிலை. சயனைடு செய்வது அதைத்தான். இரண்டாம் வகைக்குக் கொடுமையான உதாரணம் கார்பன் மோனாக்சைடு. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். ஆக்சிமீட்டர் இரண்டையும் பிரித்தறியாமல் 98 என்று காட்டிக்கொண்டிருக்கும்.

எனவே என் தேர்வு ‘உயிர்வளிக்குறை’. எளிமை வேண்டுமென்றால் ‘ஆக்சிஜன் குறை’. உறவுச் சொற்களும் இதிலேயே கிளைக்கின்றன. இரத்தத்தில் மட்டும் அளந்து சொல்லும் ஹைப்பாக்சீமியாவைக் குருதி உயிர்வளிக்குறை எனலாம்; ஆக்சிமீட்டர் காட்டுவது அதைத்தான். அறவே இல்லாத அனாக்சியா, உயிர்வளியின்மை. குறை வேறு, இன்மை வேறு என்பதைத் தமிழ் சொல்லின் முடிவிலேயே காட்டிவிடுகிறது. அஸ்பிக்சியாவுக்கு மூச்சடைப்பு போதும். அதன் கிரேக்க வேர் ‘நாடியின்மை’ என்கிறது. அங்கேயும் பெயர் சறுக்கல்தான்!

‘மூச்சு’ சேராத சொல்லே நல்லது என்பதற்கு இன்னொரு காரணம், இது மனித உடலோடு நிற்பதில்லை. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சம் கரைவது ஏழரை மில்லிகிராம். 2-க்குக் கீழே போனால் அந்த நீரை ஹைப்பாக்சிக் என்பார்கள். இரவெல்லாம் பாசியும் ஆக்சிஜனைச் செலவழிப்பதால், விடியும் நேரத்தில் குளத்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைத் திணறல் என்று தாராளமாகச் சொல்லலாம். நீர் தேங்கிய மண்ணில் அழுகும் வேருக்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்? அங்கேயும் நடப்பது உயிர்வளிக்குறைதான். நெற்பயிர் தண்டுக்குள் காற்றறைகள் வைத்து வேருக்குக் காற்றை இறக்குவதால் பிழைத்துக்கொள்கிறது.

மிசிசிப்பி ஆறு கொண்டுவரும் உரச்சத்தால் கோடைதோறும் மெக்சிகோ வளைகுடாவில் உருவாகும் ஆக்சிஜன் குறைந்த பகுதியையும் ‘மரண மண்டலம்’ என்கிறார்கள், எவரெஸ்டில் 8,000 மீட்டருக்கு மேலே உள்ள பகுதியையும் ‘மரண மண்டலம்’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. கடலில் பாசி பெருகி, மடிந்து, அதை மட்கவைக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. மலையில் அதன் விகிதம் மாறுவதில்லை, அதே 21 சதவீதம்தான். காற்றழுத்தம்தான் உச்சியில் மூன்றில் ஒரு பங்காகிறது.

அப்புறம், குரூசியன் கெண்டை என்றொரு மீன். ஐரோப்பாவின் குளிர்நாட்டுக் குளங்கள் உறைந்தபின், பனிக்கட்டிக்கு அடியில் மாதக்கணக்கில் ஆக்சிஜன் இல்லாமலே கிடக்கும். கல்லீரலில் சேர்த்துவைத்த சர்க்கரையை எரித்து, அதில் வரும் லாக்டிக் அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடும். அந்தக் குளத்து நீரைப் பற்றி எழுதும்போது உயிர்வளிக்குறை போதாது. உயிர்வளியின்மை என்றே எழுத வேண்டும்.