கம்பியா, அலைனரா: பல்லுக்குத் தெரிந்த ஒரே கணக்கு

சுவரில் அடித்த ஆணியைப் போலப் பல் தாடையில் இறுகிக் கிடக்கிறது என்றுதான் பலரும் நினைத்திருக்கிறோம். உண்மையில் அது தூளியைப் போலத் தொங்கிக்கொண்டிருக்கிறது. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஓர் இடுக்கு உண்டு. அதற்குள் மெல்லிய நார்கள், ரத்த நாளங்கள், நரம்பு நுனிகள், கொஞ்சம் திரவம். ஒவ்வொரு நாருக்கும் ஒரு முனை வேரிலும் மறுமுனை எலும்பிலும் பதிந்திருக்கிறது. கோணல் பற்களை வரிசைக்குக் கொண்டுவரும் வைத்தியம் முழுவதும் நடப்பது இந்த இடுக்கில்தான். வெளியே தெரிகிற கம்பியும் சரி, தெரியாத பிளாஸ்டிக் உறையும் சரி, அங்கே விசையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாகனங்கள் மட்டுமே. அதனால் பிள்ளைக்குக் கம்பி கட்டுவதா அலைனர் போடுவதா என்று கேட்பதற்கு முன்னால், அந்த இடுக்கு எதற்கு அசைந்துகொடுக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பல்லை ஒரு பக்கமாக மெதுவாகத் தள்ளினால், அந்தப் பக்கத்து நார்கள் நசுங்கி ரத்த ஓட்டம் குறைகிறது. எதிர்ப்பக்கத்து நார்கள் இழுபடுகின்றன. சில மணி நேரத்தில் இரண்டு பக்கங்களிலும் வேதிச் சமிக்ஞைகள் கிளம்புகின்றன. நசுங்கிய பக்கத்துக்கு எலும்பை அரித்துக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் வந்துசேர்கின்றன. இழுபட்ட பக்கத்தில் எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. முன்சுவரை இடித்துக்கொண்டும் பின்சுவரை எழுப்பிக்கொண்டும் போனால் வீடே மெல்ல நகர்ந்துவிடும் அல்லவா, அதுபோலத்தான். வேகம், மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்.

வேகம் போதவில்லை என்று பலமாகத் தள்ளினால் என்ன ஆகும்? 1904ஆம் ஆண்டிலேயே கார்ல் சாண்ட்ஸ்டெட் என்ற ஸ்வீடன் நாட்டவர் நாய்களின் பற்களை நகர்த்தி, திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறார். விசை அதிகமான இடத்தில் திசு செல்களை இழந்து கண்ணாடி போல ஆகியிருந்தது. ரத்தம் வராத இடத்துக்கு எலும்பை அரிக்கும் செல்களும் வருவதில்லை. அவை எலும்பின் உட்பக்கத்திலிருந்து குடைந்துகொண்டு வரவேண்டும்; அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பல் நின்ற இடத்திலேயே நிற்கும், வலி கூடும், வேர் நுனி தேய்ந்து குட்டையாகும் அபாயமும் உண்டு. ஒரு பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம் எடைக்கு ஈடான விசையே போதும். முறுக்கி இறுக்கினால் சீக்கிரம் முடியும் என்று மருத்துவரை அவசரப்படுத்துகிற பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

விசையின் அளவைவிட முக்கியமானது அது நீடிக்கும் நேரம். கடைவாய்ப் பற்களில் மெல்லும்போது விழும் விசை பல கிலோவைத் தாண்டும்; ஆனால் ஒவ்வொரு கடியும் ஒரு விநாடிகூட நிற்பதில்லை என்பதால் பல் இடம் மாறுவதில்லை. விரல் சூப்பும் குழந்தையைப் பாருங்கள். கட்டைவிரலுக்கு அப்படி ஒன்றும் பலம் கிடையாது. இருந்தும் இரவு முழுவதும் வாயில் கிடந்தே முன்பற்களை வெளியே தள்ளிவிடுகிறது. நாளொன்றுக்குக் குறைந்தது ஆறு மணி நேரமாவது விசை தொடர்ந்தால்தான் பல் நகரத் தொடங்கும் என்பது பல் சீரமைப்பு மருத்துவர்களின் அனுபவக் கணக்கு. அதற்குமேல் நேரம் கூடக்கூட நகர்வும் சீராகும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஆனால் எறும்பு ஊர்ந்துகொண்டே இருக்கவேண்டும்.

மெல்லிய விசை, விடாத விசை. இந்த இரண்டையும் கம்பி எப்படித் தருகிறது என்று பார்ப்போம். பல்லில் ஒட்டியிருக்கும் சின்னச் சதுரமான பிராக்கெட் தானாக எதையும் இழுப்பதில்லை. அது ஒரு கைப்பிடி. இழுப்பது அதன் பள்ளத்துக்குள் ஓடும் கம்பி. கோணலான பற்களுக்கு ஏற்ப வளைத்து மாட்டப்பட்ட கம்பி தன் பழைய வில் வடிவத்துக்குத் திரும்ப முயல, பற்களும் கூடவே போகின்றன. 1955இல் மைக்கேல் புவனகோர் என்பவர், அமிலத்தால் எனாமலைச் சற்றே சொரசொரப்பாக்கினால் பிசின் அதில் உறுதியாகப் பிடிக்கும் என்று காட்டினார். அதன் வழியே வந்ததுதான் பிராக்கெட்டைப் பல்லிலேயே ஒட்டும் முறை. அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டவேண்டியிருந்தது. பழைய புகைப்படங்களில் வாய் முழுக்க இரும்பாகத் தெரிவது அதனால்தான்.

கம்பியின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதன் உலோகம். முன்பு பயன்பட்ட எஃகுக் கம்பி மாட்டிய அன்று அதிகமாக அழுத்தும். பல் கொஞ்சம் நகர்ந்ததும் விசை வடிந்துவிடும். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வில்லியம் பியூலர் முற்றிலும் வேறொரு தேவைக்காக உருவாக்கிய நிக்கல்-டைட்டானியம் கலவை, தன் வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் உலோகமாக அமைந்தது. 1970களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் அதைப் பல் வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார். இதன் ஒரு வகைக் கம்பி குளிர்ந்த நிலையில் சொன்னபடி வளையும். வாயின் வெப்பம் பட்டதும் தன் வில் வடிவத்தைத் தேடத் தொடங்கும். அதைவிட முக்கியமாக, பல் நகர்ந்துகொண்டே போனாலும் விசை ஏறக்குறைய ஒரே அளவில் நீடிக்கும். பிள்ளை தூங்கினாலும் விளையாடினாலும் கம்பியை மறந்தே போனாலும் கம்பி பிள்ளையை மறப்பதில்லை.

அலைனர் செல்லும் வழி வேறு. அது பல்லின் மேல் மாட்டும் ஒளி ஊடுருவும் உறை. வேண்டுமென்றே கொஞ்சம் பொருந்தாமல் செய்த உறை. பற்கள் இன்று இருக்கும் இடத்தின் அச்சு அல்ல அது, அடுத்து இருக்கவேண்டிய இடத்தின் அச்சு. ஒரு பல்லுக்கு ஏறக்குறைய 0.25 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். பல்லின் மேல் ஏறும்போது பிளாஸ்டிக் நெளிகிறது. நெளிந்தது மீள முயல்வதுதான் விசை. சில நாட்களில் பிளாஸ்டிக் தளர்ந்துவிடும், பல்லும் நகர்ந்திருக்கும். ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடுத்த உறைக்கு மாறவேண்டும்.

யோசனை புதிதல்ல. 1945லேயே ஹரோல்ட் கெஸ்லிங் என்ற அமெரிக்க மருத்துவர் ரப்பர் உறை ஒன்றைச் செய்து, இப்படி வரிசையாக உறைகளை மாற்றியே பற்களை நகர்த்தலாம் என்று எழுதினார். ஆனால் ஒவ்வொரு படிக்கும் மாவு அச்சிலிருந்து பற்களை அறுத்து, மெழுகில் மறுபடி அடுக்கி, புதிய உறை வார்க்க யாருக்குக் கை ஓயாது? அந்தக் கைவேலையைக் கணினியிடம் ஒப்படைத்தவர்கள் ஸ்டான்ஃபோர்டில் படித்த ஜியா சிஷ்டி, கெல்சி வர்த் ஆகியோர். 1997இல் அவர்கள் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனத்தின் இன்விசலைன்தான் இந்த வகையைப் பரவலாக்கியது. வாயை ஸ்கேன் செய்து, கடைசி வரிசை வரை திரையில் நகர்த்திப் பார்த்து, ஒவ்வொரு படியின் அச்சையும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்து, அதன்மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டை அழுத்தி உறையாக்குகிறார்கள்.

வழுவழுப்பான உறைக்குப் பல்லைப் பிடித்துக்கொள்வதே சிரமம். எனவே பல்லின் நிறத்திலேயே பிசினால் சின்னச்சின்னப் புடைப்புகளை ஒட்டுகிறார்கள். கண்ணுக்கே தெரியாது என்ற விளம்பரத்தை நம்பிப் போகும் பிள்ளைகளுக்கு முதல் ஏமாற்றம் இந்தப் புடைப்புகள்தான்! அப்படியும் உருளை வடிவக் கோரைப்பல்லைத் திருப்புவது, மேலே தங்கிவிட்ட பல்லைக் கீழே இழுப்பது, பல் பிடுங்கிய இடைவெளியில் பக்கத்துப் பல்லை வேரோடு நேராக நகர்த்துவது போன்ற வேலைகள் கம்பிக்குத்தான் எளிது. லேசான நெரிசல், இடைவெளி, சாய்வு என்றால் அலைனரே தாராளமாகப் போதும்.

இதுவரை சொன்னது வளர்ந்தவர்களுக்கும் பொருந்தும். பிள்ளைகள் என்று வரும்போதுதான் கடிகாரம் உள்ளே நுழைகிறது.

அலைனரை ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்கவேண்டும். மிச்சம் உள்ள இரண்டு முதல் நான்கு மணி நேரத்தைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் நொறுக்குத்தீனி, பல் துலக்குவது, துலக்கியபின் மறுபடி மாட்ட மறந்துபோகும் அரைமணி. பள்ளியில் கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைத்த உறை, சாப்பிட்டு முடித்ததும் குப்பையோடு போவது உலகம் முழுவதும் நடக்கும் கதை. பதினான்கு மணி நேரம் போட்டால் வைத்தியம் கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். அப்படி இல்லை. பல் வரவேண்டிய இடத்துக்கு வராததால் அடுத்த உறை சரியாக உட்காராது. அதற்கடுத்தது இன்னும் மோசம். பிறகு மறுபடி ஸ்கேன், மறுபடி புதிய வரிசை. கழற்றி மாட்டும் கருவிகளுக்குள் நுண்ணிய வெப்ப உணரிகளைப் பதித்து அளந்தபோது, பிள்ளைகள் போட்டதாகச் சொன்ன நேரத்தைவிட உண்மையில் போட்ட நேரம் குறைவாகவே இருந்திருக்கிறது. பதின்வயதினருக்கான சில உறைகளில், போடப் போட மங்கும் நீலப் புள்ளி வைப்பது இதற்காகத்தான். பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. வாயில் இல்லாத நேரத்தை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

அதற்காகக் கம்பி கட்டிவிட்டால் நிம்மதி என்றும் இருந்துவிட முடியாது. கடினமானதைக் கடித்தால் பிராக்கெட் பெயர்ந்து வரும். மேல் பற்களும் கீழ்ப் பற்களும் பொருந்திக் கடிக்க மருத்துவர் ரப்பர் வளையங்கள் கொடுத்தால், அவற்றைத் தினமும் மாட்டவேண்டியது பிள்ளைதான். எல்லாவற்றையும்விடப் பெரிது அழுக்கு. பிராக்கெட்டின் நான்கு ஓரங்களிலும் உணவுத் துகளும் கிருமிப் படலமும் தங்குகின்றன. கிருமிகள் கக்கும் அமிலம் எனாமலிலிருந்து கால்சியத்தைக் கரைத்து வெளியேற்றுகிறது. சரியாகத் துலக்காத வாயில் நான்கே வாரங்களில் சுண்ணாம்பு தீற்றியது போன்ற வெள்ளைத் தழும்புகள் தெரியத் தொடங்கிவிடும். இரண்டு வருடம் கழித்துக் கம்பியைக் கழற்றும்போது வரிசையான பற்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வெள்ளைச் சட்டமும் கிடைக்கும். அலைனரில் இந்த அபாயம் குறைவு, கழற்றித் துலக்கலாம். ஆனால் உறையைப் போட்டபடியே இனிப்பான பானம் குடித்தால், எச்சில் வந்து கழுவிவிட வழியில்லாமல் சர்க்கரை பல்லோடு சிறைப்பட்டுக் கிடக்கும்.

என்னைக் கேட்டால், இரண்டில் எது சிறந்தது என்பதைவிட, உங்கள் பிள்ளைக்கு எந்த வகை அலட்சியம் என்பதே பயனுள்ள கேள்வி. பொருளைத் தொலைக்கிற, மறக்கிற பிள்ளைக்கு அலைனர் ஆகாது. பிரஷ்ஷை ஈரமாக்கிவிட்டுத் துலக்கியதாகச் சொல்கிற பிள்ளைக்குக் கம்பி ஆபத்து. இரண்டும் சேர்ந்த பிள்ளை என்றால், அவசரம் இல்லாதபட்சத்தில் ஆறு மாதமோ ஒரு வருடமோ பொறுத்துத் தொடங்குவதில் நஷ்டம் எதுவும் இல்லை. பதினொரு வயதில் பொறுப்பில்லாத பிள்ளை பதின்மூன்றில் வேறொருவராக வந்து நிற்பது அபூர்வமல்ல.

அவசரம் இருக்கும் இடங்களும் உண்டு. ஏழு வயதுக்குள் ஒருமுறை பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்கிறது அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம். வைத்தியம் தொடங்குவதற்காக அல்ல, பார்த்துவைப்பதற்காக. அந்த வயதில் வாய்க்குள் பால் பற்களும் நிலைப்பற்களும் கலந்திருக்கும். மேல்தாடை குறுகலாக இருந்தால், அண்ணத்தின் நடுவே உள்ள இணைப்பு இறுகிப்போவதற்குள் அதை விரிக்கவேண்டும். கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால் உடல் வேகமாக வளரும் பருவத்தைப் பயன்படுத்திக்கொள்ளவேண்டும். பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பருவம் ஆண் பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரண்டு வருடம் முன்னதாகவே வந்துவிடுகிறது. சிக்கல் தாடையில் என்றால் கம்பியா அலைனரா என்ற கேள்வியே பின்னால் போய்விடும். அதற்கென்று வேறு கருவிகள் இருக்கின்றன.

பற்கள் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கும் வாய் அலைனருக்குக் கொஞ்சம் சங்கடமானது. இன்று எடுத்த ஸ்கேனுக்குச் செய்த உறை, அடுத்த மாதம் ஒரு பால் பல் விழுந்ததும் ஆடத் தொடங்கும். பால் பற்கள் குட்டையானவை என்பதால் பிடிமானமும் குறைவு. முளைக்கப்போகும் பல்லுக்கு உறையில் முன்கூட்டியே இடம் விட்டுவைக்கும் உத்தி இருக்கிறது. பல் எப்போது வரும் என்பது மருத்துவரின் ஊகம்தான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இரண்டாம் கடைவாய்ப் பற்களும் வந்தபின் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வலியைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு பார்க்கவேண்டியதில்லை. இரண்டிலும் முதல் ஓரிரு நாட்கள் வலித்துப் பிறகு அடங்கும். கன்னத்தின் உட்புறம் உரசிப் புண்ணாவது கம்பியில் அதிகம். மருத்துவரிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வி மட்டும் சொல்கிறேன்: அலைனரில் பாதி வழி போய்ச் சரிவரவில்லை என்றால் கம்பிக்கு மாற்றுவீர்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா? பதில் தயங்காமல் வந்தால் நல்லது.

எல்லாம் முடிந்து பற்கள் வரிசையாக நின்றபிறகும் அந்த 0.2 மில்லிமீட்டர் இடுக்கு சும்மா இருப்பதில்லை. சுற்றிலும் எலும்பு இறுகச் சில மாதங்கள் ஆகும். ஈறுக்குள் பல்லின் கழுத்தைச் சுற்றியிருக்கும் மீள்தன்மை கொண்ட நார்கள் இன்னும் பிடிவாதமானவை. திருப்பப்பட்ட பல்லைப் பழைய கோணத்துக்கே முறுக்கி இழுக்க ஒரு வருடம் வரைகூட முயலும். அதனால்தான் ரிடெய்னர். அது பெரும்பாலும் அலைனரைப் போலவே கழற்றி மாட்டும் ஒளி ஊடுருவும் உறை. இல்லையென்றால் கீழ் முன்பற்களின் பின்புறம் ஒட்டப்படும் மெல்லிய கம்பி. பிள்ளையால் முடியாது என்று அலைனரைத் தவிர்த்துக் கம்பி கட்டிய வீட்டில், கடைசியில் இரவுதோறும் உறையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். கம்பியே வேண்டாம் என்று அலைனர் போட்ட பிள்ளை, நாக்கு மட்டுமே அறிந்த ஒரு கம்பியோடு கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கும்.