எஸ்.இ.ஓ-வுக்கு தமிழ்ல என்ன? தேடுபொறி உகப்பாக்கம் – சொல் விளக்கம்

சின்னதா ஒரு வெப்சைட் வச்சு வியாபாரம் பண்ற எல்லார் காதுலயும் இப்ப விழுற வார்த்தை எஸ்.இ.ஓ. "உங்க சைட்டுக்கு எஸ்.இ.ஓ பண்ணித் தர்றோம் சார், கூகுள்ல முதல் பக்கத்துல கொண்டு வந்துடுவோம்"னு போன் வரும், வாட்ஸ்அப்ல மெசேஜ் வரும், மாசத்துக்கு இவ்வளவுன்னு ரேட்டும் சொல்லுவாங்க. ஆனா யாரு, எதை, என்ன பண்ணப் போறாங்கன்னு திருப்பிக் கேட்டா தெளிவா பதில் வராது. அந்த வார்த்தையைப் பிரிச்சுப் பாத்தாலே பாதி விஷயம் புரிஞ்சிடும்ங்கிறதால இதை எழுதுறேன்.

முதல்ல நேரடி அர்த்தம். செர்ச் என்ஜின் ஆப்டிமைசேஷன்ங்கிறதோட சுருக்கம்தான் எஸ்.இ.ஓ. கூகுள், பிங் மாதிரி இடத்துல ஒருத்தர் எதையாவது தேடும்போது, அவருக்கு வேண்டியது நம்மகிட்ட இருந்தா நம்ம பக்கம் மேல வர்ற மாதிரி நம்ம சைட்டை ஒழுங்கு பண்ணி வைக்கிற வேலை. இதுல கூகுளுக்குக் காசு எதுவும் கட்டுறதில்ல. காசு கட்டி மேல வர்றது விளம்பரம், கூகுள் 2000ல ஆட்வேர்ட்ஸ்னு ஆரம்பிச்சு 2018ல கூகுள் ஆட்ஸ்னு பேர் மாத்தின சேவை, அதுல பணத்தை நிறுத்தினா நம்ம பேரும் நின்னுடும். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பி பில் போடுறவங்க இருக்காங்க, அதனால இந்த வித்தியாசத்தை முதல்லயே மனசுல வச்சுக்கணும்.

இந்தப் பேர் எப்ப வந்துச்சு? 1990ல கனடாவுல மான்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழகத்துல ஆலன் எம்டாஜ் பண்ணின ஆர்ச்சிதான் இணையத்தோட முதல் தேடுபொறின்னு சொல்லுவாங்க, ஆனா அது கோப்புகளோட பேரை மட்டும்தான் தேடும். 1994ல வெப்கிராலர், லைகாஸ், 1995 கடைசியில அல்டாவிஸ்டான்னு வரிசையா வந்தப்பதான் பக்கத்துக்கு உள்ள இருக்கிற சொல்லைத் தேட முடிஞ்சுது, அதோடயே 'என் பக்கம் ஏன் கீழ கிடக்கு'ங்கிற கவலையும் சைட் வச்சிருந்தவங்களுக்கு ஆரம்பிச்சிடுச்சு. அப்ப அந்த வேலைக்கு ஒரே பேர் கிடையாது. செர்ச் என்ஜின் சப்மிஷன்னு சிலர், பிளேஸ்மென்ட்னு சிலர், ரேங்கிங்னு சிலர் சொல்லிட்டிருந்தாங்க. 1997 வாக்குலதான் ஆப்டிமைசேஷன்ங்கிற சொல் அங்க புழக்கத்துக்கு வந்து, கொஞ்ச வருஷத்துல மத்த பேரையெல்லாம் ஓரங்கட்டிடுச்சு.

இப்ப ஒவ்வொரு துண்டா எடுப்போம், என்ஜின்ல இருந்து. இதோட வேர் லத்தீன்ல இன்ஜீனியம், பிறவியிலேயே இருக்கிற அறிவுத்திறன்னு அர்த்தம். அது பழைய பிரெஞ்சுக்குப் போனப்ப சாமர்த்தியம், தந்திரம், அப்புறம் தந்திரமா செஞ்ச கருவின்னு விரிஞ்சு, கோட்டையை இடிக்கிற போர்க்கருவிக்கும் அதே பேர் ஆச்சு. விலங்கு பிடிக்கிற கண்ணிக்கு இங்கிலீஷ்ல ஜின்னு ஒரு பழைய சொல் இருக்கே, அதுவும் இந்த என்ஜினோட குறுக்கம்தான்.

இப்ப நம்ம 'பொறி'யைப் பாருங்க. எலி பிடிக்கிறது எலிப்பொறி. மதுரைக் கோட்டையோட காவலைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் அடைக்கலக் காதையில 'வளைவிற்பொறி'ன்னு வருது, தானா வளைஞ்சு எதிரி மேல அம்பு விடுற எந்திர வில்லுன்னு அதுக்கு உரை சொல்லுவாங்க. அதாவது கண்ணி, போர்க்கருவி ரெண்டும் இங்கயும் ஒரே சொல்லுக்குள்ள இருக்கு, லத்தீன் பக்கமே போகாம நம்ம மொழி தானா போய்ச் சேர்ந்த இடம் அது. இது மட்டுமா, கண்ணு காது மூக்கு எல்லாம் ஐம்பொறி, 'பொறிவாயில் ஐந்தவித்தான்'னு வள்ளுவர் சொல்ற பொறி அதுதான். பூம்புகார்த் துறையில சரக்கு மூட்டை மேல புலி முத்திரை பொறிச்சு அனுப்பினதா பட்டினப்பாலை சொல்லுது, அங்க பொறித்தல்னா அழுத்திப் பதியவைக்கிறது. உணர்ந்து எடுக்கிறது, பதிஞ்சு வைக்கிறது, எந்திரமா இயங்குறது, இந்த மூணும்தான் கூகுள் மாதிரி ஒண்ணு பண்ற வேலையே! தேடு இயந்திரம்னு வச்சிருந்தா கருவிங்கிற அர்த்தம் மட்டும்தான் கிடைச்சிருக்கும், பொறின்னு வச்சதால இவ்வளவும் கிடைச்சிருக்கு. யாரு முதல்ல இந்தச் சொல்லை எடுத்தாங்களோ அவங்களுக்கு நல்ல காது.

'தேடுபொறி'ங்கிறது வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. காலத்தைக் காட்டாது, தேடின பொறி, தேடுகின்ற பொறி, தேடும் பொறி எல்லாம் உள்ள அடக்கம். இதை நான் சும்மா இலக்கணத்துக்காக சொல்லல, வேலையே அப்படித்தான் நடக்குது. நீங்க தேடுற நொடியில கூகுள் உலகத்துல இருக்கிற எல்லா சைட்டுக்கும் ஓடிப் போய்ப் பாக்குறதில்ல. முன்னாடியே அதோட மென்பொருள் ஒவ்வொரு இணைப்பா புடிச்சுப் போய் பக்கங்களைப் படிச்சு, எந்தச் சொல் எந்தப் பக்கத்துல இருக்குன்னு புத்தகத்துக்குக் கடைசியில போடுற சொல்லடைவு மாதிரி ஒரு பெரிய பட்டியல் போட்டு வச்சிருக்கும், நாம கேக்கும்போது அந்தப் பட்டியல்ல இருந்துதான் எடுத்து வரிசைப்படுத்திக் கொடுக்கும். உங்க பக்கம் அந்தப் பட்டியல்லயே ஏறலன்னா மத்தது எதுவும் பேசிப் பிரயோஜனம் இல்ல, ஏறிருக்கா இல்லையான்னு கூகுள் செர்ச் கன்சோல்ங்கிற இலவசக் கருவியில நீங்களே பாக்கலாம், இதுக்கு யாருக்கும் காசு தர வேண்டாம்.

அடுத்து ஆப்டிமைசேஷன். லத்தீன்ல ஆப்டிமஸ்னா இருக்கிறதுலயே சிறந்தது. கணக்குல ஆப்டிமைசேஷன்னா, கொடுத்த கட்டுப்பாடுகளுக்குள்ள கிடைக்கக்கூடிய சிறந்த விடையைக் கண்டுபிடிக்கிறது. இதுக்குத் தமிழ்ல 'உகப்பாக்கம்'னு வச்சாங்க. உகப்புக்கு ரெண்டு பொருள் உண்டு. தொல்காப்பியம் உரியியல்ல 'உகப்பே உயர்தல்'னு இருக்கு, உயர்ந்து போறது. பின்னாடி வந்த வழக்குல உகப்புன்னா விருப்பம், மகிழ்ச்சி, வைணவ உரைகள்ல நிறையப் பாக்கலாம், அந்த வழியிலதான் 'உகந்த நேரம்', 'உகந்த இடம்'னு பொருத்தத்தைச் சொல்ற பேச்சும் நம்மகிட்ட நிக்குது. உயர்தலும் பொருந்துதலும் ஒரே சொல்லுல, எஸ்.இ.ஓ-வுக்கு இதைவிடப் பொருத்தமா எனக்கு ஒண்ணும் தோணல. பொருந்துறதாலதான் உயரணும், அதுதான் முறை.

சிலர் 'தேடுபொறி மேம்படுத்தல்'னு எழுதுறாங்க. படிக்க எளிது, ஆனா அர்த்தம் புரண்டு போகுது. தேடுபொறியை மேம்படுத்துறது கூகுள் இன்ஜினியருங்க வேலை, நம்ம வேலை இல்ல! 'தேடுபொறி உகப்பாக்கம்'லயும் கொஞ்சம் இந்தச் சிக்கல் இருக்கத்தான் செய்யுது, நடுவுல வேற்றுமை உருபு மறைஞ்சு நிக்கிறதால 'தேடுபொறியை'ன்னும் விரிக்கலாம், 'தேடுபொறிக்கு'ன்னும் விரிக்கலாம். சரியான விரிவு நான்காம் வேற்றுமை, கு. தேடுபொறிக்கு உகந்ததா நம்ம பக்கத்தை ஆக்குறது. அதனால என்னைக் கேட்டா 'தேடுபொறிக்கு உகந்ததாக்கல்'னு எழுதுறது நல்லது, கட்டுரையில சுருக்கமா வேணும்னா உகப்பாக்கம்னு போட்டுக்கலாம்.

இந்த ஒத்தை எழுத்துக்கு ஏன் இவ்வளவு பேசுறேன்னா, ஏமாத்துறவங்க பிடிச்சு நிக்கிறதே 'தேடுபொறியை'ங்கிறதுல வர்ற அந்த 'ஐ'யிலதான். கூகுளுக்குள்ள ஏதோ பண்ணி உங்களை மேல ஏத்த முடியும்ங்கிற மாதிரி பேசுவாங்க. கூகுளே தன்னோட வழிகாட்டியில யாராலயும் முதல் இடத்துக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாதுன்னு எழுதி வச்சிருக்கு, பலன் தெரிய நாலு மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகும்னும் சொல்லிருக்கு. அதனால ஏழு நாள்ல முதலிடம்னு யார் சொன்னாலும் அங்கயே நிறுத்திடுங்க.

குறுக்கு வழி எல்லாம் பழைய கதை. ஆரம்பத்துல ஒரு பக்கத்துல ஒரு சொல் எத்தனை தடவை வருதுங்கிறதைப் பெருசா நம்பின காலத்துல, வெள்ளைப் பின்னணியில வெள்ளை எழுத்துல அதே சொல்லை நூறு தடவை எழுதி ஒளிச்சு வைப்பாங்க. 1996ல ஸ்டான்ஃபோர்டுல லாரி பேஜும் செர்கே பிரின்னும் பேக்ரப்னு ஒரு தேடுபொறி பண்ணினாங்க, ஒரு பக்கத்துக்கு வேற எந்தெந்தப் பக்கம் இணைப்பு கொடுக்குதுன்னு பாத்து மதிப்புப் போடுறது அதோட யோசனை, அதுதான் 1998ல கூகுள் கம்பெனி ஆச்சு. உடனே இணைப்பை விலைக்கு வாங்குற வியாபாரம் வந்துச்சு. அதுக்கப்புறம் 2011ல பாண்டான்னு ஒரு மாத்தம் வந்து சத்தில்லாத பக்கங்களைக் கீழ தள்ளிச்சு, 2012ல பென்குயின் வந்து காசு கொடுத்து வாங்கின இணைப்புகளைத் தாக்கிச்சு. மெட்டா கீவேர்டுன்னு பக்கத்துக்குள்ள மறைவா எழுதுற சொல்பட்டியலை வரிசைப்படுத்த எடுத்துக்கிறதே இல்லன்னு கூகுள் 2009லயே அறிவிச்சிடுச்சு, ஆனா இன்னிக்கும் அதை எழுதித் தர்றதுக்குக் காசு வாங்குற ஆளுங்க இருக்காங்க, வருத்தமா இருக்கு.

சரி, கடைக்காரர் என்னதான் பண்ணணும்? பவானியில ஜமுக்காளம் விக்கிற ஒருத்தரை எடுத்துப்போம், புவிசார் குறியீடு வாங்கின சரக்கு, ஊர்ப்பேரே பெரிய பலம். ஆனா அவர் சைட்டைத் திறந்தா மேல 'வெல்கம் டு அவர் வெப்சைட்'னு இருக்கும், கீழ உயர்தரம் நியாயவிலைன்னு ரெண்டு வரி, அவ்வளவுதான். தேடுறவர் என்ன அடிப்பார்? 'பவானி ஜமுக்காளம் விலை', 'கல்யாணத்துக்கு ஜமுக்காளம் எவ்வளவு நீளம்', 'கைத்தறி ஜமுக்காளம் மொத்த விலை'. ஜமக்காளம்னும் அடிப்பாங்க, சமுக்காளம்னும் அடிப்பாங்க, இங்கிலீஷ் எழுத்துல தமிழை அடிக்கிறவங்கதான் நிறைய. அந்தச் சொல்லெல்லாம் இயல்பா வர்ற மாதிரி பக்கத்தலைப்புல சரக்கும் ஊரும், ஒவ்வொரு அளவுக்கும் விலை, துவைக்கிறது எப்படி, பவர்லூம் துணிக்கும் கைத்தறிக்கும் வித்தியாசம் எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னு அவருக்குத் தெரிஞ்சதையே எழுதினா போதும், அந்தக் கடைசி விஷயத்தை அவரை விட நல்லா வேற யாரு எழுதிட முடியும்! போட்டோ ஒவ்வொண்ணுக்கும் என்ன படம்னு ஒரு வரி விளக்கம் கொடுக்கணும், போன்ல சட்டுனு திறக்கணும். கூகுள் மேப்ல கடையைக் காட்டுற பிசினஸ் புரொஃபைல் இலவசம்தான், அதுல இருக்கிற கடைப்பேர், முகவரி, போன் நம்பர் சைட்ல இருக்கிறதோட ஒத்துப் போகணும், வாங்கிட்டுப் போனவங்ககிட்ட ரெண்டு வரி கருத்து எழுதச் சொல்லணும். பக்கத்து ஊர்ல இருந்து நேர்ல வர்ற வாடிக்கையாளரை நம்புற கடைக்கு இந்தப் புரொஃபைல்தான் முதல் வேலை, சைட்கூட அதுக்கப்புறம்தான்.

தமிழ்ல சைட் வச்சிருக்கிறவங்க கவனிக்க வேண்டிய ஒண்ணு தனியா இருக்கு. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடு பரவுறதுக்கு முன்னாடி பாமினி எழுத்துரு, டிஸ்கி, டாம், டாப் குறியாக்கம்னு ஆளுக்கொரு முறையில எழுதினோம், கண்ணுக்குத் தமிழா தெரிஞ்சாலும் கம்ப்யூட்டருக்கு உள்ள அது வேற ஏதோ எழுத்துக் குவியல், அதனால தேடுபொறியில சிக்கவே சிக்காது. தமிழ்நாடு அரசு 2010ல யூனிகோடைத் தரமா ஏத்துக்கிச்சு, ஆனா அச்சக வேலைக்கு இங்கயும் இலங்கையிலயும் பழைய எழுத்துரு இன்னும் ஓடுது. பிரச்சனை என்னன்னா அந்த நோட்டீஸை அப்படியே படமா எடுத்து சைட்ல ஒட்டிடுறாங்க. விலை, முகவரி எல்லாம் படத்துக்குள்ள மாட்டிக்கிட்டா தேடுறவருக்குப் போய்ச் சேர்றது சந்தேகம்தான், அந்த வரிகளை யூனிகோடுல மறுபடி தட்டச்சு பண்ணிப் போட்டே ஆகணும்.

கூட வர்ற சொற்கள் சிலதுக்கும் சொல்லிடுறேன். கீவேர்டுக்கு 'திறவுச்சொல்' நல்லா இருக்கு, தேடுறவர் அடிக்கிற சொல்லுங்கிற அர்த்தத்துல 'தேடுசொல்'னும் சொல்லலாம், எனக்கு இது இன்னும் பிடிச்சிருக்கு. வேற சைட்ல இருந்து நம்ம பக்கத்துக்கு வர்ற பேக்லிங்குக்கு 'பின்னிணைப்பு'ன்னு எழுதுறாங்க, வேண்டாம், புத்தகத்தோட கடைசியில சேக்குற பகுதிக்கு அந்தப் பேர் ஏற்கெனவே நிலைச்சிடுச்சு, 'உள்வரும் இணைப்பு'ன்னா குழப்பமில்ல. ஆர்கானிக் ரிசல்டை இயற்கை முடிவுன்னு மாத்தினா காய்கறி ஞாபகம்தான் வரும், 'காசு கட்டாத முடிவு'ன்னே சொல்லிடலாம். மார்க்கெட்டிங்குக்கு 'சந்தைப்படுத்தல்', இலங்கைத் தமிழர்கிட்ட இது அன்றாடச் சொல்லாவே ஆயிடுச்சு, நாமளும் தயங்காம எடுத்துக்கலாம்.

இப்ப ஜி.இ.ஓ, அதாவது ஜெனரேட்டிவ் என்ஜின் ஆப்டிமைசேஷன்னு புதுசா ஒண்ணு கிளம்பிருக்கு, சாட்ஜிபிடி மாதிரி பதிலை ஆக்கித் தர்ற பொறிகள் நம்ம பக்கத்தை எடுத்துச் சொல்ற மாதிரி எழுதுறது, 2023ல வந்த ஒரு ஆய்வுக்கட்டுரையில இருந்து அந்தப் பேர் பரவுச்சு. தமிழ்ல வைக்கணும்னா 'ஆக்குபொறிக்கு உகந்ததாக்கல்'. இதுவும் வினைத்தொகைதான், இங்கயும் அந்த 'கு'வை விட்டுடாதீங்க.