கண்ணுக்குத் தெரியாத கைமாற்றம்: ஒரு கிருமியின் வழித்தடத்தை மரபணு காட்டிக்கொடுத்த விதம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பெதஸ்டா என்னும் ஊரில், அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனங்கள் நடத்தும் ஆய்வு மருத்துவமனை இருக்கிறது. 2011 ஜூன் மாதம் நியூயார்க்கிலிருந்து ஒரு பெண் நோயாளி அங்கே மாற்றப்பட்டார். கிளெப்சியெல்லா நிமோனியே என்னும் பாக்டீரியா அவர் உடலில் இருப்பதும், வேறு மருந்துகள் பலிக்காதபோது மருத்துவர்கள் கையிலெடுக்கும் கார்பபெனெம் வகை மருந்துகளையே அது சிதைத்துவிடும் என்பதும் முன்பே தெரிந்திருந்தன. ஆகவே வந்த நாளிலிருந்தே அவரைத் தனிமைப்படுத்தி, அங்கி, கையுறை அணிந்தவர்கள் மட்டுமே அணுகும்படி ஏற்பாடு செய்தார்கள். ஜூலை 15 அன்று அவர் வீடு திரும்பினார். வேறு யாருக்கும் கிருமி பரவியதாக அதுவரை எந்தப் பரிசோதனையும் காட்டவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 5 அன்று, இன்னொரு நோயாளியிடம் அதே வகைக் கிருமி கண்டறியப்பட்டது. அவரும் முதல் நோயாளியும் ஒரே வார்டில் ஒரே நேரத்தில் இருந்ததே இல்லை. அப்படியானால் இது வெளியிலிருந்து புதிதாக நுழைந்த கிருமியா, அல்லது பழைய கிருமியே யார் கண்ணிலும் படாமல் கைமாறி வந்ததா? விடை முன்னதானால் வாசலில் காவல் போட வேண்டும். பின்னதானால் வீட்டுக்குள்ளேயே தேட வேண்டும்.

மருத்துவமனை ஆய்வகத்தில் வழக்கமாக நடப்பது இதுதான். நோயாளியின் சளியிலோ சிறுநீரிலோ இருந்து பிரித்து வளர்த்த கிருமியை வளர்தட்டில் பூசி, மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைத்து, ஓர் இரவு இளஞ்சூட்டில் விடுகிறார்கள். மருந்துக்கு அடங்கும் கிருமியானால் மறுநாள் காலை வில்லையைச் சுற்றி எதுவும் முளைக்காத தெளிந்த வட்டம் தெரியும். அடங்காத கிருமியானால் வெண்ணிறப் படலம் வில்லையின் விளிம்புவரை படர்ந்து நிற்கும். இந்தக் கிருமியை எந்த மருந்து கொல்லும் என்ற கேள்விக்கு இச்சோதனை விடை தருகிறது. இது யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் அதனால் சொல்ல இயலாது. அதற்கென இருந்த பழைய மரபணுச் சோதனைகளும் இங்கே கைகொடுக்கவில்லை, ஏனெனில் அமெரிக்காவில் அந்நாளில் பரவிய இத்தகைய கிளெப்சியெல்லாவில் பெரும்பகுதி ஒரே கிளையைச் சேர்ந்தது. அச்சோதனைகளின் பார்வையில் அவையெல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

ஆகவே அந்நிறுவனங்களின் மரபணு ஆய்வாளர்களான ஜூலி செக்ரே, இவான் ஸ்னிட்கின் ஆகியோர் அடங்கிய குழு, கிருமியின் முழு மரபணுத் தொகுதியையும் எழுத்தெழுத்தாகப் படித்தது. அதன் நீளம் ஏறத்தாழ 60 லட்சம் எழுத்துகள். கிருமி பிளவுபட்டுப் பெருகும்போதெல்லாம் இத்தொகுதி பிரதி எடுக்கப்படுகிறது. எப்போதாவது ஓர் எழுத்து பிழையாகப் பதிகிறது. நம் பழைய ஏட்டுச்சுவடிகளை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒருவர் பெயர்த்தெழுதும்போது செய்த பிழை, அந்த ஏட்டைப் பார்த்து எழுதிய எல்லா ஏடுகளிலும் தொடரும். எந்த ஏடு எதிலிருந்து பிறந்தது என்பதைப் பாடபேதங்களை ஒப்பிட்டே பதிப்பாசிரியர்கள் ஊகித்தார்கள். கிருமியிலும் அதே தர்க்கம்தான். நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரிகள் அனைத்தையும் ஒப்பிட்டபோது, இத்தனை நீண்ட தொகுதியில் வெறும் 41 இடங்களில்தான் வேறுபாடு இருந்தது. ஆக, எல்லாம் ஒரே மூலத்திலிருந்து, அந்த முதல் நோயாளியிடமிருந்து, வந்தவை.

இந்த ஆய்வில் என்னை மிகவும் வியக்கவைப்பது அடுத்த படி. முதல் நோயாளியின் தொண்டையிலும் உடலின் பிற இடங்களிலும் எடுத்த மாதிரிகளுக்குள்ளேயே சில எழுத்துகள் மாறியிருந்தன. ஒருவர் உடலுக்குள்ளேயே கிருமி கிளை பிரிந்துவிட்டிருந்தது. பிற நோயாளிகளின் கிருமிகளை இக்கிளைகளோடு பொருத்திப் பார்த்தபோது, அவர் ஒருவரிடமிருந்து மூன்று தனித்தனித் தருணங்களில் கிருமி வெளியேறியிருப்பது புலப்பட்டது. யார் எந்த நாளில் எந்தப் படுக்கையில் இருந்தார் என்ற பதிவேட்டையும் இதனுடன் சேர்த்தே பரவலின் வரைபடத்தை வரைந்தார்கள். மரபணு மட்டும் இருந்தால் உறவு தெரியும், திசை எப்போதும் தெரியாது. பதிவேடு மட்டும் இருந்தால் சந்திப்பு தெரியும், தொற்று தெரியாது.

கண்டுபிடிக்கப்பட்ட வரிசையும் தொற்றிய வரிசையும் ஒன்றல்ல என்பது அவ்வரைபடத்தில் தெளிவாயிற்று. இந்தக் கிருமி ஒருவர் குடலில் காய்ச்சலோ வலியோ தராமல் வாரக்கணக்கில் தங்கியிருக்கக்கூடியது. அவர் நோயாளியாகத் தெரியமாட்டார். ஆனால் அவரைத் தொட்ட கைவழியே அது அடுத்த படுக்கைக்குப் போய்ச் சேரும். அந்த மூன்று வார மௌனத்தின் விளக்கம் இதுவே. நோய்க்குறி தெரிந்தவரை மட்டும் சோதிக்கும் வழக்கம் இங்கே பயன்படாது. அறிகுறி இல்லாதவர்களையும் சேர்த்து, மலக்குடலில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துத் திரும்பத் திரும்பச் சோதித்தால்தான் மறைந்திருப்பவர்கள் வெளிப்படுவார்கள். நோயாளிகளுக்குச் சங்கடமான சோதனைதான், வேறு வழியில்லை.

தேடல் நோயாளிகளோடு நிற்கவில்லை. கைகழுவும் தொட்டிகளின் வடிகுழாய்களில் கிருமி இருந்தது. கிருமிநாசினியால் துடைத்துச் சுத்தம் செய்யப்பட்ட ஒரு வென்டிலேட்டரிலும் இருந்தது. தொற்றியவர்களை வைக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவின் நடுவே சுவர் எழுப்பினார்கள்; அறைகளில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி செலுத்தினார்கள்; ஊழியர்கள் கை கழுவுகிறார்களா என்று இரவும் பகலும் பார்க்க ஆள் நிறுத்தினார்கள். ஆண்டிறுதியில் பரவல் ஓய்ந்தது. அதற்குள் 18 பேரிடம் கிருமி சேர்ந்திருந்தது. அவர்களில் 11 பேர் இறந்தார்கள். அவற்றுள் ஆறு மரணங்களுக்கு இத்தொற்றே காரணம் என்று மதிப்பிடப்பட்டது. நோயெதிர்ப்பு ஆற்றல் ஏற்கெனவே குன்றியவர்கள் அவர்களில் பலர்.

ஆய்வுக் கட்டுரை 2012 ஆகஸ்டில் வெளிவந்தது. அப்போது அதே மருத்துவமனையில் 19ஆவதாக ஒருவருக்கு அந்தக் கிருமி தொற்றியிருந்தது. செப்டம்பரில் அவர் இறந்தார்.