ஜாஸ்: பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்த சொல்

இன்று ஓர் அமெரிக்க இசைவகையைக் குறிக்கும் ஜாஸ் என்ற சொல் முதலில் அச்சேறியபோது அதற்கும் இசைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1912 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழில், பென் ஹெண்டர்சன் என்ற பேஸ்பால் பந்துவீச்சாளர் தான் புதிதாகப் பழகியிருந்த ஒரு பந்துக்கு ‘ஜாஸ் பந்து’ என்று பெயர் சொல்கிறார். ஆடி அசைந்து வரும், மட்டைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது என்பது அவர் தந்த விளக்கம். அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்றின் விளையாட்டுப் பக்கங்களில் இதே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே அதன் பொருள் துடிப்பு, முறுக்கு, தெம்பு. ஓர் அணியிடம் ஜாஸ் இருக்கிறது என்றால் பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள் என்று அர்த்தம்.

அதற்கும் முன்னால்? 1860-லேயே அமெரிக்கக் கொச்சை வழக்கில் ‘ஜாஸம்’ என்றொரு சொல் இருந்தது. அதற்கும் ஊக்கம், உயிர்ப்பு என்பதுதான் பொருள். அதிலிருந்து பிறந்ததே ஜாஸ் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். ‘பாட்டில் ஜீவன் இருக்கு’ என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த ஜீவன்தான்.

இந்த வேர்க்கதைக்குப் போட்டியாக நிறைய கதைகள் உண்டு. ஜாஸ் இசை பிறந்த நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பெண்கள் பூசிய மல்லிகை வாசனைத் தைலத்தின் ஆங்கிலப் பெயரே திரிந்து ஜாஸ் ஆயிற்று என்பது அவற்றில் ஒன்று. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் ஆதாரம் இல்லை. சொல் இசையோடு ஒட்டியது சிகாகோவில், 1915-இல். நியூ ஆர்லியன்ஸ் பத்திரிகையில் அது தலைகாட்டுவது அதற்கும் அடுத்த ஆண்டு. இசை பிறந்த ஊருக்குப் பெயர் வெளியூரிலிருந்து போய்ச் சேர்ந்தது! அதுவரை அந்த ஊர்க் கலைஞர்கள் தாங்கள் வாசித்ததை ராக்டைம் என்ற பழைய இசைவகையின் பெயராலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1917-இல் முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளியானபோதும் எழுத்துக்கூட்டல் நிலைபெறவில்லை. இன்று இரண்டு ‘இஸட்’ போடும் இடத்தில் இரண்டு ‘எஸ்’ போட்டிருந்தார்கள். அந்தத் தட்டில் வாசித்தவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. இசையை உருவாக்கிய கறுப்பினக் கலைஞர்கள் பலருக்கு இந்தப் பெயர் கடைசிவரை உறுத்தலாகவே இருந்தது. சிட்னி பெஷே இதை வெள்ளையர் வைத்த பெயராகப் பார்த்தார். டியூக் எலிங்டனுக்கும் மேக்ஸ் ரோச்சுக்கும் பிடிக்கவில்லை. 2011-இல் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த டிரம்பெட் கலைஞர் நிக்கலஸ் பேட்டன், ஜாஸ் 1959-லேயே இறந்துவிட்டது என்று எழுதினார். ‘கறுப்பின அமெரிக்க இசை’ என்ற பெயரைப் பரிந்துரைத்தார். அவர் குறித்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். மைல்ஸ் டேவிஸ், சார்ல்ஸ் மிங்கஸ், ஆர்னெட் கோல்மன், டேவ் புரூபெக் நால்வரும் தங்கள் தலைசிறந்த தொகுப்புகளைத் தந்த ஆண்டு அது. உச்சத்தையே முடிவு என்கிறார்.

அப்படியானால் ஜாஸ் இன்று உயிரோடு இருக்கிறதா? 1930-களில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஆடிய நடன இசை என்ற இடம் போய்விட்டது, அது திரும்பாது. ஆனால் பேட்டன் சொன்னதையே மறுபடி படித்தால், அவர் சாகடித்தது பெயரை மட்டும்தான். வாசிப்பதை அவர் நிறுத்தவில்லை. 2015-இல் கமாசி வாஷிங்டன் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் தொகுப்பை வெளியிட்டார். அதே ஆண்டில் கெண்ட்ரிக் லமாரின் ராப் தொகுப்பிலும் அவரும் பிற ஜாஸ் கலைஞர்களும் வாசித்தார்கள். லண்டனின் எஸ்ரா கலெக்டிவ் குழு 2023-இல், பிரிட்டனில் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்குத் தரப்படும் மெர்குரி பரிசை வென்றது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஜாஸ் குழு அதுதான். அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர் கர்நாடக இசையின் தாளக் கணக்குகளை ஜாஸுக்குள் கொண்டுவந்திருக்கிறார். செத்துப்போன ஒன்றில் இப்படி யாரும் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

ஜாஸின் அடிப்படை, கலைஞர் அந்த நொடியிலேயே புனைந்து வாசிப்பது. ஒரு பாட்டின் ஸ்வரக்கூட்டுகள் (ஆங்கிலத்தில் கார்ட்) வரிசையாக வரும். 12 அளவையோ (ஆங்கிலத்தில் பார், நம் ஆவர்த்தனம் போன்ற தாளப் பகுதி) 32 அளவையோ முடிந்ததும் சுற்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்தச் சட்டத்துக்குள் ஒவ்வொருவரும் புதிய மெட்டு கட்ட வேண்டும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆசுகவிதான் நினைவுக்கு வருகிறது. ஈற்றடியைக் கொடுத்து ‘பாடும்’ என்றால் காளமேகம் அங்கேயே வெண்பா முடிப்பாரே, அதே கலை. கச்சேரி மொழியில் மனோதர்மம் என்போம். இரண்டுமே வடமொழியிலிருந்து வந்தவைதான். ஆனாலும் ஆசு நம் பாட்டியலில் எப்போதோ ஊறிவிட்டது.

அதற்காக ஜாஸுக்கே ‘ஆசிசை’ என்று பெயர் வைக்கலாமா? நானும் ஆசைப்பட்டேன், ஒத்துவரவில்லை. ஹிந்துஸ்தானியிலும் நம் ஆலாபனையிலும் இதே கற்பனை உண்டு. அது ஜாஸுக்கு மட்டும் உரிய அடையாளம் அல்ல. கானாவையும் பறையாட்டத்தையும் பிறர் அதே பெயரில் அழைக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அந்த மரியாதையை இந்த இசைக்கும் கொடுத்து ஜாஸ் என்றே எழுதலாம். கிரந்தம் வேண்டாம் என்பவர்கள் ‘சாசு’ என எழுதினால் இலக்கணப்படி தவறில்லை, ஆனால் படிப்பவருக்குப் பிடிபடாது.

உள்ளே புழங்கும் சொற்களைத் தமிழில் தாராளமாகச் சொல்லலாம். உடனுக்குடன் புனைவதற்கு மனோதர்மம் அல்லது ஆசு. சோலோவுக்குத் ‘தனி’ போதும். நம் கச்சேரியில் மிருதங்கம் முதலிய தாளக் கருவிகள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் பாடகரும் வயலின் கலைஞரும் ஓய்ந்திருப்பார்கள். ஜாஸில் தனி வாசிப்பவருக்குப் பின்னால் பெரும்பாலும் பேஸ் என்ற தாழ்சுருதித் தந்திக் கருவியும் டிரம்ஸும் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வேறுபாட்டை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அப்புறம் குழப்பம் வராது.