ராயல் ஐசிங்: ஒரு தேக்கரண்டித் தண்ணீரின் கணக்கு

கிறிஸ்துமஸ் காலத்தில் அமெரிக்க வீடுகளில் செய்யப்படும் சர்க்கரைக் குக்கீகளுள் ‘உருகும் பனிமனிதன்’ குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த ஒன்று. வட்டமான குக்கீயின் மேல் வெள்ளை ஐசிங்கை, அதாவது சர்க்கரைப் பூச்சை, குட்டைபோலப் பரவவிட்டு, தலைக்கு ஒரு மார்ஷ்மெல்லோ என்னும் பஞ்சுபோன்ற மிட்டாயை வைத்து, கண்களையும் கேரட் மூக்கையும் சுள்ளிக் கைகளையும் வண்ண ஐசிங்கால் வரைந்தால், வெயிலில் உருகிக்கொண்டிருக்கும் பனிமனிதன் கிடைத்துவிடுவான். இதற்கு ஒரே ஐசிங் குட்டையாகப் பரவவும் வேண்டும், கோடாக அசையாமல் நிற்கவும் வேண்டும், மறுநாள் கெட்டியாக இறுகவும் வேண்டும். இம்மூன்றையும் பெரும்பாலும் தீர்மானிப்பது அதிலுள்ள சொற்பத் தண்ணீரே.

இதற்குப் பயன்படும் ராயல் ஐசிங்கின் அடிப்படைப் பொருட்கள் முட்டையின் வெண்கருவும் மாவாகப் பொடித்த சர்க்கரையும்தான். ஒரு வெண்கருவின் எடை ஏறத்தாழ 30 கிராம். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், எஞ்சியதில் பெரும்பகுதி புரதம். அறை வெப்பநிலையில் 1 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 2 கிராம் சர்க்கரையைக் கரைக்கும் என்பதால், வெண்கருவிலுள்ள 27 கிராம் தண்ணீர் 54 கிராம் சர்க்கரையோடு நிறைவுற்றுவிடும், அதாவது அதற்கு மேல் கரைக்காது. நாம் சேர்ப்பதோ 200 கிராம் அளவில். ஆகவே சர்க்கரையில் ஏறத்தாழ முக்கால் பங்கு கரையாமல், நாக்கில் நெருடாத அளவுக்கு நுண்ணிய படிகங்களாகவே தங்கிவிடுகிறது. நிறைவுற்ற பாகில் நெருக்கமாக மிதக்கும் இந்தப் படிகக் கூட்டமே ராயல் ஐசிங். படிகங்களும் காற்றுக் குமிழ்களும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால்தான் அது தூய வெண்மையாகத் தெரிகிறது.

இனி ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் தண்ணீரைச் சேர்ப்பதாகக் கொள்வோம். அது 10 கிராம் படிகங்களைக் கரைத்து, 15 கிராம் புதிய பாகை உண்டாக்குகிறது. ஓடும் பகுதி கூடுகிறது. அதே நேரத்தில் ஓட்டத்தைத் தடுக்கும் திடப்பகுதி குறைகிறது. சில துளிகளிலேயே ஐசிங்கின் பதம் தலைகீழாக மாறிவிடுவதற்கு இந்த இரட்டை விளைவே காரணம். எனவே தண்ணீரைத் துளித்துளியாகச் சேர்ப்பதே சரியான முறை என்று உறுதியாகச் சொல்வேன்.

கெட்டியான ஐசிங்கில் படிகங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருப்பதால், ஐசிங்கை முனைத் துளை வழியே பிழியும் பைப்பிங் பையை அழுத்தும்போது மட்டுமே அது நகரும். கை எடுத்ததும் போட்ட கோடு போட்டபடி நிற்கும். பரப்புவதற்கான ஐசிங் தோசை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். கத்தியால் அதன் மேல் ஒரு கோடு கிழித்தால், சுமார் 15 நொடிகளில் அந்தத் தடம் மறைந்து மேற்பரப்பு சமமாவது நல்ல அடையாளம். குட்டையின் விளிம்பு வழிந்தோடாமல் உருண்டு நிற்பதற்குப் பரப்பு இழுவிசையும் படிகங்களின் நெரிசலும் சேர்ந்து காரணமாகின்றன.

வெண்கருவை அடிக்கும்போது அதன் புரதங்கள் மடிப்பு அவிழ்ந்து, காற்றுக் குமிழ்களைச் சுற்றி மெல்லிய உறையாகப் படிகின்றன. பாத்திரத்தில் ஒட்டிய எண்ணெயோ, தவறி விழுந்த மஞ்சள் கருவோ அந்த இடத்தைப் புரதத்துக்கு முன்பே பிடித்துக்கொள்வதால் நுரை எழும்பாது. சிறிதளவு எலுமிச்சைச் சாறு, புரதங்கள் அளவுக்கு மீறி இறுகப் பிணைவதைத் தடுத்து நுரையைக் காக்கும். குக்கீ நன்றாக ஆறிய பின்னரே ஐசிங் இட வேண்டும் என்பதற்கும் கொழுப்பே காரணம்: சூட்டில் இளகிய வெண்ணெய் மேலே கசிந்து ஐசிங்கில் கறையாகத் தெரியும்.

உலரும்போது அதே கணக்கு திரும்ப நடக்கிறது. ஆவியாகும் ஒவ்வொரு கிராம் தண்ணீரும் 2 கிராம் சர்க்கரையை விட்டுச்செல்கிறது. அது ஏற்கெனவே உள்ள படிகங்களின் மேல் படிந்து, அவற்றை ஒன்றோடொன்று பாலம்போல இணைக்க, புரதமும் காய்ந்து பசையாகிறது. மேற்பரப்பு முதலில் இறுகும். உட்பகுதி காய ஓர் இரவு தேவைப்படலாம். ஆகவே மார்ஷ்மெல்லோவை ஈரம் இருக்கும்போதே ஒட்டிவிட்டு, கைகளையும் பொத்தான்களையும் மேல் ஓடு இறுகிய பின் வரைவது நல்லது. அவசரப்பட்டால், கறுப்பு, சிவப்பு போன்ற அடர்ந்த நிறங்களின் சாயம் ஈரப்பாகின் வழியே வெள்ளைக்குள் ஊர்ந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தை நெருங்கினால் நிறைவுற்ற சர்க்கரைப் பாகு தண்ணீரை விட்டுக்கொடுப்பது ஏறக்குறைய நின்றுவிடும். டிசம்பர் மழை நாட்களில் நம் கடற்கரை ஊர்களில் ஐசிங் காயாமல் பிசுபிசுப்பது இதனால்தான். அப்போது குளிர்சாதன அறை உதவும்.

பச்சை வெண்கருவில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். இவ்வளவு சர்க்கரையில் அது பெருகாது என்றாலும் உயிரோடு இருக்க முடியும். குழந்தைகளுக்குச் செய்யும்போது கிருமிகள் அழியுமாறு பாஸ்டர் முறையில் சூடேற்றிய வெண்கருவையோ, உலர்ந்த வெண்கரு கலந்த மெரிங்கு பவுடரையோ பயன்படுத்துவதே பாதுகாப்பானது. மெரிங்கு பவுடரில் இன்னொரு வசதியும் உண்டு: முட்டைக்கு முட்டை வெண்கருவின் அளவு மாறும், பவுடருக்கோ தண்ணீரை நாமே அளந்து ஊற்றுகிறோம்.