மூன்றாவது குழந்தை என்றால் எது கிடைக்கும், எது நின்றுபோகும்?

"மூணாவதா? அப்ப ஒண்ணும் வராதும்மா." இந்தப் பதிலை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பிப் போகிற பெண்கள் நிறையப் பேர். சொல்பவர் சுகாதார நிலையத்தில் இருப்பவராக இருக்கலாம், கம்பெனி ஹெச்.ஆர். ஆக இருக்கலாம், பல நேரம் மாமியாரோ பக்கத்து வீட்டு அக்காவோதான். அந்தப் பதிலில் பாதி தவறு. மூன்றாவது குழந்தைக்கு நிற்பவை சில உதவித்தொகைகள். குறைவது மகப்பேறு விடுப்பு. ஆஸ்பத்திரி, சாப்பாடு, தடுப்பூசி இதெல்லாம் எத்தனையாவது குழந்தை என்றாலும் நிற்காது. எது எந்தக் கணக்கில் வருகிறது என்று தெரியாததால், உரிமையாகக் கிடைக்க வேண்டியதையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள். அதைத்தான் இங்கே பிரித்துச் சொல்லப் போகிறேன். இந்த இரண்டு குழந்தை வரம்பு இருக்கவே கூடாது என்பது என் கருத்து, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆஸ்பத்திரி. 2011 ஜூன் மாதம் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டப்படி, அரசு மருத்துவமனைக்கு வரும் எந்தக் கர்ப்பிணிக்கும் பிரசவம் இலவசம், சிசேரியன் ஆனாலும் இலவசம். மருந்து, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் ரத்தம், உள்ளே இருக்கும் நாட்களில் சாப்பாடு, வீட்டிலிருந்து வரவும் திரும்பிப் போகவும் வண்டி எல்லாம் இதில் அடக்கம். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு வயது வரை அதற்கான சிகிச்சையும். இதில் எங்கேயும் எத்தனையாவது குழந்தை என்ற கேள்வி இல்லை. நாலாவது என்றாலும் இதே உரிமைதான்.

இதோடு சேர்ந்தது பிக்மி என்ற அரசுக் கர்ப்பப் பதிவு. கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிந்தால் 12 இலக்க எண் ஒன்று தருவார்கள். பணம் வராது என்று கேள்விப்பட்டதும் மூன்றாவது தடவை இதைப் பதியாமலே விடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள். அதைவிட முக்கியம், அடுத்தடுத்து பிள்ளை பெற்ற உடம்பில் ரத்தசோகை வரும் வாய்ப்பு அதிகம். இரும்புச்சத்து மாத்திரையும் மாதாந்திரப் பரிசோதனையும் யாருக்கு அவசியம் என்றால் இவர்களுக்குத்தான் முதலில் அவசியம்.

அடுத்தது சாப்பாடு. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்பிணிக்கும் பிரசவமாகி ஆறு மாதம் வரை தாய்க்கும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு தரச் சொல்கிறது. சத்துமாவு வாங்கப் போகிற இடத்தில் இது எத்தனையாவது என்று பார்த்துத் திருப்பி அனுப்ப யாருக்கும் அதிகாரம் கிடையாது. பிள்ளைக்கும் ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரை உண்டு. அப்புறம் பள்ளிக்கூடம் போனால் காலை உணவும் மதிய உணவும், அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எண்ணித்தான் போடுகிறார்கள், வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் போடுவதில்லை.

ரேஷனில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அதே சட்டப்படி முன்னுரிமைக் குடும்ப அட்டைக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம், அதனால் பெயர் சேர்த்தால் அளவு கூடும். ஆனால் பரம ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டைக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ என்று நின்றுவிடுகிறது. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு அது நல்ல அளவு. எட்டுப் பேர் இருக்கிற வீட்டுக்குக் கணக்குப் போட்டால் தலைக்கு நாலரை கிலோகூட வராது, அதாவது அவர்களைவிடக் கொஞ்சம் வசதியான முன்னுரிமை அட்டைக்காரருக்குச் சட்டம் சொல்லும் அளவைவிடக் குறைவு. பெரிய குடும்பத்துக்கு வரம்பு என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் பசி அதிகமுள்ள வீட்டில்தான் போய் விழுகிறது. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் வீட்டுக்கு ஒன்றுதான், ஒரு பிள்ளை இருந்தாலும் ஐந்து இருந்தாலும் அதேதான். ஆனால் மூன்றாவது குழந்தை பிறந்ததால் அதை யாரும் நிறுத்த முடியாது.

சரி, இனி நிஜமாகவே நின்றுபோகிறவை. தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 ரூபாய் வங்கிக் கணக்கில் தவணைகளாக வரும், மீதி 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். ஏழைக் குடும்பத்துப் பெண்ணாக இருக்க வேண்டும், 19 வயது முடிந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான். மத்திய அரசின் பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டம் இன்னும் குறுகலானது. முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய், இரண்டாவது பெண் குழந்தையாகப் பிறந்தால் மட்டும் 6,000 ரூபாய். இரண்டாவது பையன் என்றாலே இதில் எதுவும் இல்லை, மூன்றாவதுக்குப் பேச்சே இல்லை.

இங்கே எனக்குக் கோபம் வருகிறது, காரணத்தையும் சொல்கிறேன். மேலே சொன்ன 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காவது பிரிவில், அரசு வேலையில் இருப்பவர்களையும் வேறு சட்டப்படி இதே மாதிரி பலன் பெறுபவர்களையும் தவிர்த்து, கர்ப்பிணியாகவோ பாலூட்டும் தாயாகவோ இருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் மகப்பேறு பலன் என்று நாடாளுமன்றம் எழுதியிருக்கிறது. அந்தப் பிரிவில் ஒன்று, இரண்டு என்ற எண்ணிக்கையே இல்லை. மத்திய அரசு வகுக்கும் திட்டத்துக்கு உட்பட்டு என்று ஒரு வரி இருந்தது, அந்த வரி வழியாகத்தான் குழந்தை எண்ணிக்கை உள்ளே நுழைந்தது. சட்டம் கொடுத்ததைத் திட்ட வழிகாட்டுதல் சுருக்கிவிட்டது.

இதை மாற்றவே முடியாதா என்றால், ஒரு தடவை மாற்றியிருக்கிறார்கள். 2005இல் வந்த ஜனனி சுரக்ஷா யோஜனா என்ற மத்திய அரசின் பிரசவ உதவித்தொகைத் திட்டத்தில், தமிழ்நாடு போல மருத்துவமனைப் பிரசவம் ஏற்கெனவே அதிகமாக இருந்த மாநிலங்களுக்கு 19 வயது, இரண்டு குழந்தை என்று இரண்டு நிபந்தனைகள் போட்டிருந்தார்கள். 2013 மே மாதம் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அதனால் இன்றைக்கு வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள பெண்ணோ பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்ணோ அரசு மருத்துவமனையில் பெற்றால், கிராமத்தில் 700 ரூபாய், நகரத்தில் 600 ரூபாய் எத்தனையாவது பிரசவத்துக்கும் உண்டு. சின்னத் தொகைதான், ஆனால் கேட்டு வாங்க வேண்டிய தொகை.

தமிழ்நாடு அரசின் பெண் குழந்தைகளுக்கான வைப்புத்தொகைத் திட்டத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, அது வேறு வகை. ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண்கள் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாய், ஆண் குழந்தை இருக்கக் கூடாது, பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும். முதலில் ஒரு பெண், இரண்டாவது பிரசவத்தில் இரட்டைப் பெண்கள் என்றால் மூன்று பேருக்கும் கிடைக்கும்.

வேலைக்குப் போகிறவர்களின் விடுப்புதான் அதிகம் சண்டை வரும் இடம். தனியார் வேலைக்கான விதி 1961ஆம் ஆண்டு மகப்பேறு பலன் சட்டத்தில் இருந்தது, 2017இல் திருத்தினார்கள், இப்போது அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது, இந்தக் கணக்கு மட்டும் மாறவில்லை. சம்பளத்தோடு 26 வாரம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். கவனியுங்கள், பூஜ்யம் இல்லை, 12 வாரம். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். "மூணாவதுக்கு லீவே கிடையாது, வேணும்னா வேலையை விட்டுட்டுப் போ" என்று ஒரு தனியார் நிறுவனம் சொன்னால் அது சட்டத்துக்கு நேர் எதிரானது. வாரக் கணக்கு மட்டும்தான் குறையும், மற்ற எல்லாம் அப்படியே இருக்கும். விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கக் கூடாது, திரும்பி வந்த பிறகு குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்க ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும், கருச்சிதைவு ஆனால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. இ.எஸ்.ஐ. பிடிக்கிற இடத்தில் வேலை பார்த்தால் பணத்தை இ.எஸ்.ஐ. தரும், அங்கேயும் இதே 26, இதே 12.

எண்ணுகிற முறையும் முக்கியம். இந்தச் சட்டம் எத்தனை தடவை பெற்றாய் என்று பார்ப்பதில்லை, இப்போது உயிரோடு இருக்கும் பிள்ளைகளை எண்ணுகிறது. இரண்டில் ஒன்றைப் பறிகொடுத்த தாய் மூன்றாவதாகக் கருவுற்றால் அவருக்கு 26 வாரம்தான், 12 இல்லை. அந்த நிலையில் இருக்கும் பெண் இதை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார், கூட இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். மறுபக்கம், முதல் பிரசவத்திலேயே இரட்டைக் குழந்தை பெற்றவருக்கு இரண்டாவது பிரசவமே மூன்றாவது குழந்தையாகிவிடுகிறது, 12 வாரத்துக்கு இறங்கிவிடுகிறது. அவர் என்ன திட்டமிட்டு இரட்டையா பெற்றார்?

அரசு ஊழியர்களின் நிலைமை இதைவிட மோசமாக இருந்தது. தமிழ்நாடு அரசில் 2021 ஜூலையிலிருந்து மகப்பேறு விடுப்பு ஒரு வருடம், தாராளமான விதி. ஆனால் இரண்டு குழந்தைகளுக்கு மேல் என்றால் 12 வாரம்கூட இல்லாமல் அடிப்படை விதி 101 கதவைச் சாத்தியது. தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு 2021இல் இப்படித்தான் மறுத்தார்கள். அவருக்கு முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள், இரண்டும் அவர் வேலைக்குச் சேரும் முன்பே பிறந்தவை, விவாகரத்துக்குப் பிறகு தகப்பனிடம் வளர்ந்தவை. மறுமணம் செய்துகொண்டு பெற்ற பிள்ளைக்குத்தான் முதல் முறையாக விடுப்புக் கேட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி கொடுக்கச் சொன்னார், இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு ஆசிரியை பக்கம் தீர்ப்புச் சொன்னது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்றும், மக்கள்தொகைக் கட்டுப்பாடும் மகப்பேறு விடுப்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அதற்கு முன் 2022இல் சண்டிகர் மருத்துவமனைச் செவிலியர் ஒருவருடைய வழக்கும் இப்படித்தான் வந்தது. கணவருடைய முதல் மனைவியின் இரண்டு பிள்ளைகளை இவர் கணக்கில் எழுதி, இவர் வயிற்றில் பிறந்த முதல் பிள்ளைக்கு விடுப்பை மறுத்திருந்தார்கள். அதையும் உச்ச நீதிமன்றம்தான் சரிசெய்தது. விடுப்பு என்பது வாரக்கணக்கில் முடிகிற விஷயம், நீதி வருவதற்குள் பிள்ளை நடக்க ஆரம்பித்துவிடுகிறது.

வரம்பு வேண்டும் என்பவர்கள் சொல்வதையும் கேட்போம். வரிப்பணம் அளவானது, அளவாகப் பெற்றவருக்கும் அளவில்லாமல் பெற்றவருக்கும் ஒரே மாதிரி கொடுப்பது நியாயமா என்கிறார்கள். கேள்வி தப்பில்லை. ஆனால் 14,000 ரூபாய் வருகிறது என்று யாராவது ஒரு பிள்ளையைச் சுமந்து பெற்று இருபது வருடம் வளர்க்கக் கிளம்புவார்களா? மூன்றாவது குழந்தை வரும் வழிகளை யோசித்துப் பாருங்கள். மறுமணம், பையன் வேண்டும் என்று வீட்டார் கொடுக்கும் நெருக்கடி, தோற்றுப்போன கருத்தடை. குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்தும் கரு தங்குவது உண்டு, அதற்கென்றே அரசு இழப்பீட்டுத் திட்டம் வைத்திருக்கிறது (அப்படி நடந்தால், கர்ப்பம் தெரிந்த 90 நாளுக்குள் அறுவை செய்த மருத்துவமனை வழியாக விண்ணப்பிக்க வேண்டும்). இவற்றில் எதை, பிரசவத்துக்குப் பிறகு வராத பணம் தடுத்துவிடும்? பிள்ளை பிறந்தே விட்டது, இனி நிறுத்துகிற ரூபாய் ஒவ்வொன்றும் அந்தப் பிள்ளையின் பாலிலும் தாயின் ஓய்விலும்தான் குறையும்.

மக்கள்தொகை பெருகிவிடும் என்ற பயமும் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், பிறப்பு, இறப்பை எண்ணும் மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 1.4. மக்கள்தொகை அதே அளவில் நிற்கவே 2.1 வேண்டும். பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது, அதனால் குறைந்த எண்ணிக்கை இது. பக்கத்தில் ஆந்திரா இதைப் புரிந்துகொண்டு, உள்ளாட்சித் தேர்தலில் நிற்க இருந்த இரண்டு குழந்தை விதியை 2024இல் நீக்கியது. பெண் ஊழியர்களுக்கு எத்தனையாவது குழந்தை என்று பார்க்காமல் விடுப்பு என்று 2025 மார்ச்சில் அறிவித்தது. நாம் 2.1க்குக் கீழே நின்றுகொண்டு இன்னும் மூன்றாவதைத் தண்டித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது மூன்றாவது பிரசவத்துக்குக் காத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது இது. பணம் வந்தாலும் வராவிட்டாலும் 12 வாரத்துக்குள் பிக்மியில் பதியுங்கள். ஜனனி சுரக்ஷா தொகைக்கு வங்கிக் கணக்கு விவரத்தைச் செவிலியரிடம் அப்போதே கொடுத்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் மருந்துக்கோ ரத்தத்துக்கோ பணம் கேட்டால் 104க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். வேலை பார்க்கும் இடத்தில் விடுப்பை வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள், மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். அரசு ஊழியராக இருந்தால் விண்ணப்பத்திலேயே 2025 மே 23 தீர்ப்பைக் குறிப்பிட்டு, தீர்ப்பின் நகலையும் சேர்த்தே கொடுங்கள்.